பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் பேச்சுச் சிகிச்சையும்

குழந்தை பிறந்த முதல் ஓராண்டுக்குள் தாய்க்கு வரும் மனச்சோர்வு, சிகிச்சை தேவைப்படும் நோய்; சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் நோயும்கூட. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வெளியானது. நூறு தாய்மாரில் ஏறத்தாழ 22 பேருக்கு இது வருவதாக அது கணக்கிட்டது. வேலூர் மாவட்டக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பின்னும் தொடர்ந்து கவனித்து நடத்தப்பட்டு, 2002இல் வெளியான ஆய்வில், புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர். எண்ணிக்கையைவிட அந்த ஆய்வு எடுத்துக்காட்டிய காரணங்கள் முக்கியமானவை: வருமானம் போதாமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்த வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் இருந்த மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வேலைகளில் கைகொடுக்க ஆள் இல்லாமை. ஹார்மோன் மாற்றமும் தூக்கமின்மையும் முன்பே மனச்சோர்வு வந்திருந்ததும் தம் பங்குக்குச் சேர்கின்றன. ஆனாலும் வேலூர்ப் பட்டியலில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் மனிதர்களுக்கு இடையே நடப்பவை. பேச்சுச் சிகிச்சை கைவைக்கும் இடமும் அதுதான்.

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. சட்டென்று கண்ணீர், சட்டென்று எரிச்சல், பிறகு சிரிப்பு. இரண்டு வாரத்துக்குள் அது தானே தணிந்துவிடும். ஓய்வும் அனுசரணையும் போதும். இரண்டு வாரம் தாண்டியும் சோகமோ வெறுமையோ விடாமல் இருந்தால், எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், குழந்தை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வராவிட்டால், அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் மட்டும் வேறொன்று நேர்கிறது. தாய்க்கு யாரும் பேசாத குரல் கேட்கிறது. குழந்தை தன்னுடையது அல்ல என்றோ, அதற்குள் தீய சக்தி புகுந்துவிட்டது என்றோ உறுதியாக நம்புகிறார். தூங்காமலே சுறுசுறுப்பாக அலைகிறார். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தொடங்கும் இந்நிலையில் பேச்சுச் சிகிச்சைக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மனநலப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது.

வீட்டில் மனச்சோர்வை யாரும் நோயின் பெயரால் சொல்வதில்லை. "மனசு சரியில்ல", "எதுக்கெடுத்தாலும் எரிச்சலா வருது", "தலை கனமா இருக்கு", "உடம்பெல்லாம் வலி" என்றுதான் தாய் சொல்வார். பல சமயம் அதையும் சொல்லமாட்டார். கேட்பவர்களும் "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றோ "பிள்ளை முகத்தைப் பார், எல்லாம் சரியாப் போயிடும்" என்றோ முடித்துவிடுவார்கள். இரண்டாவது வாக்கியம் அன்பாகச் சொல்லப்படுவது. ஆனால் பிள்ளை முகத்தைப் பார்த்தும் எதுவும் தோன்றாத தாயை அது இன்னும் ஆழமான குற்ற உணர்வுக்குள் தள்ளிவிடுகிறது. திருஷ்டி கழிப்பதும் மந்திரிப்பதும் நடக்கும் வீடுகளில் அவற்றை எதிர்த்து வாதிடுவதில் பொழுதைப் போக்க வேண்டியதில்லை. சிகிச்சை தள்ளிப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நோய் இருக்கக்கூடுமா என்பதைக் கண்டுகொள்ளப் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. ஸ்காட்லாந்தில் உருவான இது 1987இல் வெளியானது; இதன் தமிழ் வடிவம் வேலூரில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயம் வந்ததா, அழுகை வந்ததா என்பது போன்ற கேள்விகளுக்குத் தாயே பதில் குறிக்கிறார். மொத்த மதிப்பெண் 30. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். 13ஐத் தாண்டினால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு "ஆம்" என்ற சாயலில் பதில் வந்தால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசி போடத் தாய் எப்படியும் வருகிறார். தாயிடம் ஐந்து நிமிடம் பேசிப் பார்க்க இவற்றைவிட நல்ல சந்தர்ப்பம் கிராம சுகாதாரச் செவிலியருக்குக் கிடைப்பது அரிது.

பேச்சுச் சிகிச்சை என்பது என்ன

மக்கள் வழக்கில் "கவுன்சலிங்" என்று சொல்லப்படும் இது ஆறுதல் சொல்வதும் அல்ல, புத்தி சொல்வதும் அல்ல. ஆறுதலும் புத்தியும் அந்தத் தாய்க்கு ஏற்கெனவே நாலா பக்கமிருந்தும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பேச்சுச் சிகிச்சைக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. வாரம் ஒரு முறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், பெரும்பாலும் 6 முதல் 16 அமர்வுகள். முதல் அமர்வுகளிலேயே எதைச் சரிசெய்யப் போகிறோம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். சொன்னது வெளியே போகாது. இதற்கு முக்கியமான விலக்கு, தாயின் உயிருக்கோ குழந்தையின் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது. அதையும் சிகிச்சையாளர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சிகிச்சை எப்போது முடியும் என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

எளிமையான வடிவத்திலிருந்து தொடங்கலாம். எடின்பரோவில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரச் செவிலியர்கள், சிறு பயிற்சிக்குப் பின், மனச்சோர்வு கண்ட தாய்மாரை வாரம் ஒரு முறை எட்டு வாரம் சந்தித்தார்கள். அறிவுரை சொல்லாமல், குறுக்கிடாமல் காதுகொடுத்துக் கேட்பது மட்டுமே அவர்கள் வேலை. 1989இல் வெளியான முடிவின்படி, அப்படிக் கேட்கப்பட்ட தாய்மாரில் நூற்றுக்கு 69 பேர் குணமானார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 38 பேர். சிறிய ஆய்வுதான், ஐம்பது தாய்மார் அளவிலேயே நடந்தது. ஆனாலும் அதன் பிறகு வந்த பலவற்றுக்கு அதுவே விதை.

அடுத்தது எண்ணங்களையும் செயல்களையும் எடுத்துக்கொள்ளும் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த வழி இது. மனச்சோர்வில் இருப்பவர் ஒரு நிகழ்ச்சியிலிருந்து நேரே ஒரு தீர்ப்புக்குப் போய்விடுகிறார் என்பது இதன் அடிப்படை. குழந்தை அழுகிறது. "பால் பத்தல போலிருக்கு" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று தாயின் மனம் முடிவு கட்டுகிறது. அந்த முடிவு வந்தவுடன் குழந்தையைத் தூக்கவே கை வருவதில்லை, தூக்காததால் குழந்தை இன்னும் அழுகிறது, தீர்ப்பு உறுதியாகிறது. சிகிச்சையாளர் இந்த வட்டத்தைத் தாயோடு சேர்ந்து காகிதத்தில் வரைந்து பார்க்கிறார். "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று மட்டும் சொல்லமாட்டார். குழந்தை ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது, எடை ஏறியிருக்கிறதா, பால் குடித்த பின் தூங்குகிறதா என்று கேட்பார். ஆறேழு முறை சிறுநீர், அட்டையில் ஏறிவரும் எடை என்று பதில் வந்தால், அந்தத் தீர்ப்புக்கு எதிரான சாட்சி தாயின் கையிலேயே இருப்பது தெரியும். எடை ஏறவில்லை என்று தெரிந்தாலும் நல்லதே; அப்போது அது பால் புகட்டும் முறையைச் சரிசெய்ய வேண்டிய காரியம், தாயின் தகுதி பற்றிய கேள்வி இல்லை.

எண்ணங்களை எடுத்து ஆராயத் தெம்பில்லாத தாய்க்குச் செயலிலிருந்து தொடங்குவார்கள். மனம் சரியான பிறகு செய்யலாம் என்று தள்ளிவைத்ததை, மனம் சரியாவதற்காகவே சிறிதாகச் செய்வது. காலையில் பத்து நிமிடம் மொட்டை மாடியில் நடப்பது, தலை சீவிப் பூ வைத்துக்கொள்வது, பழைய தோழிக்கு போன் செய்வது, குழந்தையை மடியில் போட்டு ஐந்து நிமிடம் பேசுவது. செய்த பின் மனம் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் மதிப்பெண் போட்டுவர வேண்டும். பார்ப்பதற்குச் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால், படுக்கையை விட்டு எழவே மனமில்லாத தாயிடம் முதல் அசைவு பெரும்பாலும் இந்த நோட்டில்தான் தெரியவரும்.

மூன்றாவது வடிவமே நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது. உறவுகளை மையமாக வைத்த இந்தச் சிகிச்சையை 1970களில் ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் இருவரும் உருவாக்கினார்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கண்ட 120 பெண்களிடம் 12 வாரம் நடத்தப்பட்ட இதன் சோதனை 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியாகி, நல்ல பலன் காட்டியது. இழப்பின் துக்கம், நெருங்கியவரோடு தீராத சச்சரவு, வாழ்க்கையில் இடம் மாறுவது, உறவே இல்லாத தனிமை ஆகிய நான்கில் தாயின் சிக்கல் எதில் இருக்கிறது என்று முதலில் கண்டுகொள்வார்கள். பிறகு அமர்வுகள் அந்த ஒன்றிரண்டைச் சுற்றியே நடக்கும்.

இடம் மாறுவது என்பதன் பொருளைத் தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதே இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண்ணை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதுவரை இரவில் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ள அம்மா இருந்தார். வெந்நீர் வைத்துக் குளிப்பாட்ட ஆள் இருந்தது. ஒரே நாளில் அது நின்று, மருமகளின் வேலைகளும் திரும்பி வந்துவிடுகின்றன. வேலைக்குப் போன பெண்ணாக இருந்தால் சம்பளமும் அலுவலகத் தோழமையும் கூடவே போயிருக்கும். இழந்தது இன்னதென்று பெயர் சொல்லித் துக்கப்படவும், புதிய இடத்தில் யாரிடம் எந்த உதவியைக் கேட்கலாம் என்று திட்டமிடவும் சிகிச்சையாளர் துணை நிற்கிறார். கேட்பதை அமர்விலேயே ஒத்திகை பார்ப்பதும் உண்டு. "அத்தை, ராத்திரி ஒரு தடவை மட்டும் நீங்க குழந்தையைப் பார்த்துக்கிட்டா, நான் நாலு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கிடுவேன்" என்ற வாக்கியத்தை எந்தத் தொனியில், எந்த நேரத்தில் சொல்வது என்பதைச் சொல்லிச் சொல்லிப் பழகுவார்கள். நாள் கணக்கில் தொண்டைக்குள் நின்ற வாக்கியம் அது. நான்கு மணி நேரத் தொடர் தூக்கம் எத்தனையோ தாய்மாரின் மனத்தை மாற்றிவிடும்.

தாய்க்கும் மாமியாருக்கும், தாய்க்கும் கணவருக்கும் இடையிலான பிணக்குதான் மையமென்றால், ஓரிரு அமர்வுகளுக்கு அவர்களையும் அழைப்பார்கள். தாயின் சம்மதம் இல்லாமல் அழைக்கக் கூடாது. யார் செய்தது தவறு என்று பஞ்சாயத்து நடத்தும் இடமாக அதை மாற்றவும் கூடாது. கணவரிடம் அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் எளிய காரியங்கள்: வேலை முடிந்து வந்ததும் குழந்தையை வாங்கிக்கொள்வது, மனைவி பேசும்போது தீர்வு சொல்லாமல் கேட்பது, "பொண்ணா பொறந்துடுச்சே" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுவது. வீட்டில் அடி உதை இருந்தால் நிலைமை வேறு. அப்போது கணவரை உடன்வைத்துப் பேசுவது தாய்க்கு ஆபத்தாகலாம், பாதுகாப்புதான் முதலில்.

யார் தரலாம்

இந்தச் சிகிச்சைக்கு மனநல மருத்துவரோ உளவியல் நிபுணரோதான் வேண்டுமென்றால், கிராமத்துத் தாய்க்கு அது எட்டாக்கனி. அந்தத் தடையை உடைத்துக் காட்டியது பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் நடந்த பெரிய சோதனை. மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மான் தலைமையில் நடந்த அதன் முடிவுகள் 2008இல் வெளியாயின. நம் கிராம சுகாதாரச் செவிலியரை நினைவூட்டும் உள்ளூர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, வழக்கமாகப் போகும் வீடுகளிலேயே 16 அமர்வுகள் நடத்தச் செய்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதம் வாரம் ஒன்று, பிறந்த முதல் மாதத்தில் மூன்று, பிறகு மாதம் ஒன்று. குழந்தையின் நலனை முன்வைத்தே பேச்சு தொடங்கும். அதனால் வீட்டார் தடுக்க வாய்ப்பு குறைவு. மனச்சோர்வு கண்ட 903 பெண்கள் பங்கேற்ற அந்தச் சோதனையில், ஆறு மாதம் கழித்து, இந்த அமர்வுகளைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. பெறாதவர்களில் 53 பேருக்கு. ஓராண்டிலும் அந்த இடைவெளி குறையவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதைக் கையேடாகவே வெளியிட்டது. பிறகு கோவாவிலும் ராவல்பிண்டியிலும், சுகாதாரப் பணியாளர் அல்லாத, தாமும் தாய்மாரான அக்கம்பக்கத்துப் பெண்களைக் கொண்டே செய்து பார்த்தார்கள். 2019இல் வெளியான அதன் பலன் முந்தையதைவிட மிதமானது. பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் இளகினால் பலனும் இளகும் என்று எச்சரிக்கையாக இருப்பதே நல்லது.

முதல் அமர்வுக்குப் போகும்போது

குழந்தையை உடன் எடுத்துச் செல்லலாம். நடுவில் பால் கொடுக்கலாம், துணி மாற்றலாம். தாயும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள் என்பது சிகிச்சையாளருக்கும் பயனுள்ள செய்தி. துணைக்கு வருபவர் சிறிது நேரமாவது வெளியே காத்திருக்க வேண்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மாமியாரைப் பற்றி எந்த மருமகளும் பேசமாட்டார்.

தாய்மார் சொல்லத் தயங்குவதிலேயே பெரியது, குழந்தையைப் பற்றி மனத்தில் பாயும் பயங்கரக் காட்சிகள். மாடிப்படியில் கைநழுவிவிடுமோ, அரிவாள்மனை பட்டுவிடுமோ, நானே ஏதாவது செய்துவிடுவேனோ. இப்படிப்பட்ட எண்ணங்கள் மனச்சோர்வும் பதற்றமும் உள்ள தாய்மாரிடம் சர்வசாதாரணம். அந்த எண்ணத்தைக் கண்டு தாயே நடுங்கி, அரிவாள்மனையை ஒளித்துவைக்கிறார் என்றால், அது செய்யும் எண்ணம் அன்று. செய்யக் கூடாதே என்ற பயம். பயிற்சியுள்ள சிகிச்சையாளர் இதைக் கேட்டு அதிரமாட்டார், குழந்தையைப் பிரித்துவிடவும் மாட்டார். எண்ணம் சரியானதுதான் என்று தாய்க்கே தோன்றத் தொடங்கினாலோ, குழந்தைக்கு நல்லது செய்வதாகவே நினைத்தாலோதான் அவசர நிலை.

முதல் இரண்டு அமர்வுகளில் அழுகை கூடலாம். அடக்கிவைத்தது வெளிவரும்போது அப்படித்தான் இருக்கும். நான்கைந்து அமர்வுக்குள் தூக்கத்திலோ பசியிலோ குழந்தையோடு இருக்கும் நேரத்திலோ சிறு மாற்றமாவது தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் அதை நேராகக் கேட்டுவிடலாம். முறையை மாற்றவோ மருந்து சேர்க்கவோ வேண்டியிருக்கலாம். புத்தி சொல்லிக்கொண்டே இருப்பவர், சாதி, குடும்ப மானம் பற்றிப் பேசுபவர், "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா" என்பவர் ஆகியோரிடமிருந்து வேறொருவரிடம் மாறிக்கொள்வதில் தவறே இல்லை.

சிகிச்சை தொடங்குமுன் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள்வது அவசியம். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும். லேசான, நடுத்தர அளவிலான மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கும். சாப்பிடாமல் உடம்பு இளைத்துப்போகும் அளவுக்கு, சாவைப் பற்றிய எண்ணம் வரும் அளவுக்கு நோய் முற்றியிருந்தால் மருந்தும் சேர வேண்டும். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன; பெரும்பாலும் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். பாலுக்குப் பயந்து மருந்தை நிறுத்துவது, மருந்துக்குப் பயந்து பாலை நிறுத்துவது இரண்டையுமே மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை எந்நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். தாயை மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்தால், இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாக அவரிடமிருந்து பிரிக்கக் கூடாது. தாயும் சேயும் ஒன்றாகத் தங்கி மருத்துவம் பெறும் தனிப்பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் இயங்குகிறது.

கடைசி இரண்டு மூன்று அமர்வுகள் வாரம் ஒன்றாக இல்லாமல், பதினைந்து நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று எனத் தள்ளிவைக்கப்படும். நோய் திரும்பினால் முதலில் எது தெரியும் என்பதைத் தாய் தன் கையாலேயே எழுதிவைக்கிறார்: தூக்கம் கெடுவது, போனை எடுக்காமல் விடுவது, குளிக்கத் தோன்றாமல் போவது. அந்தத் தாளின் நகல் கணவரிடமோ அம்மாவிடமோ இருக்கும். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே அடுத்த முறை கர்ப்பம் பதிவு செய்யும் அன்றே செவிலியரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னவர்களுக்குக் கர்ப்ப காலத்திலேயே அமர்வுகளைத் தொடங்கிவிடலாம்.